ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா

செப்புத் தகடு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.
இருப்பு எண் 1174.
ஏழு வெள்ளிக்கு வாங்கியது,
கார்னர்வன் தெரு அடகுக்கடையில்,
மீட்க வராத ஒருவனின் கணக்கில்.
அவன் பெயரைக் கரையான் தின்றுவிட்டது,
வட்டியை விட்டுவைத்திருக்கிறது.

எனக்குத் தகட்டைவிட அதன் அட்டைதான் பழக்கம்.
பதினொரு வருடமாக இந்தக் கிடங்கில்
பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிறேன்.
ஜார்ஜ்டவுன் ஈரத்தில் காகிதம் ஊறும், மை நகரும்,
ஒருவர் எழுதியது அடுத்தவர் வரியில் இறங்கும்.

கறுப்பு மை, 1911. பிரிட்சர்ட் துரை.
சுங்க இலாகா; ஓய்வு நேரத்தில் கல்வெட்டு.
'கடாரத்தரையற்கு' வரை தெளிவாம்.
அடுத்து ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால், ஒரு டு.
அதற்கப்பால் தகடு உடைந்திருக்கிறது.
மேலே புள்ளி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் கண்டாராம்.
புள்ளி இருந்தால் குறில். ஆகவே 'கொடு'.
கப்பம் கேட்கிற ஆணை என்று எழுதி
அடியில் இரண்டு முறை கீறியிருக்கிறார்.
சுங்கக்காரர் கண்ணில் வேறென்ன படும்.

பென்சில், 1938: 'சுத்தம் செய்யப்பட்டது.'
கையெழுத்தில்லை.
யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று
யாரோ சின்ன மனிதன்
புளி போட்டுத் துலக்கியிருக்கிறான்.
புளியோடு போனது புள்ளி.
புள்ளிதானா, களிம்பா,
இனி எந்தக் கண்ணாடிக்கும் தெரியாது.

நீல மை, 1959. பண்டிதர் அறவாழியார்.
'புள்ளி இல்லை; எனவே நெடில். கோடு.
கோடாவது யானைத் தந்தம். நட்புக்கு அனுப்பிய வரிசை.'
சுதந்திரம் வந்து இரண்டு வருடம்.
நாம் கேட்டு வந்தவர்களல்ல, கொண்டு வந்தவர்கள் என்று
யாரிடமோ சொல்ல வேண்டியிருந்திருக்கும் அவருக்கு.
எழுத்து அழுந்தி அழுந்தி
அட்டையின் மறுபக்கத்தில் தடவினால் தெரிகிறது.

டாக்டர் ரசாலிக்குப் பச்சை மை, 1974.
நெடில்தான், கோடுதான், ஆனால் தந்தமில்லை, எல்லை என்கிறார்.
இதுவரை உன் கடல், இதிலிருந்து என் கடல்.
அந்த வருடங்களில் எல்லா நாடும்
கடலில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

கூ சியூ லான் மட்டும் சொல்லுக்குள் போகவில்லை.
ரசாயனம் படித்தவர்; தமிழ் தெரியாதது ஒரு வசதி.
2008, தட்டச்சுத் தாள், துருப்பிடித்த ஊசி:
செம்பு பழசு. மூலை வளையம் புதுசு.
எழுத்து வெட்டிய பள்ளத்தில் இரு காலத்து அழுக்கு.
அசல் என்றும் சொல்லவில்லை, போலி என்றும் சொல்லவில்லை.
'மீண்டும் பார்க்க வேண்டும்.'
பதினேழு வருடமாக யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கண்காட்சி. நான்கு மொழியில் பெயர்ப்பலகை.
மலாயில் 'கடிதம்' என்று சமாளித்துவிட்டேன்.
ஆங்கிலத்தில் ஒரு 'ஒருவேளை' போதும்.
சீனம் மொழிபெயர்ப்பாளர் பாடு.
தமிழில்தான் தப்ப வழியில்லை.
அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும்,
இன்றைய எழுத்தில் எழுத வேண்டும்,
வெட்டியவன் வைக்காமல் விட்ட வித்தியாசத்தை
நான் வைக்க வேண்டும்.

பினாங்கு ஸ்திரீட் அச்சகத்திலிருந்து போன்.
'அக்கா, பிளேட் போடணும்.
ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா?'

ஃபெரி ஊதுகிறது துறையில்.
அன்றைக்கும் சரக்கு இறங்கும்போது
ஒரு கணக்கன் இப்படித்தான் கேட்டிருப்பான்,
நனைந்த தந்தங்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டு.
தந்தம் என்று ஒன்று இருந்திருந்தால்.

'லைன்ல இரு தம்பி.'

அட்டையில் கடைசி வரி காலி.
மேசையில் கிடைத்த பேனா
சிவப்பு.